முழங்காலுக்குள் போடும் ஜெல் ஊசி: அது கிரீஸா, மருந்தா?

“முட்டியில கிரீஸ் காஞ்சு போச்சாம்டா. ஊசி வழியா புதுசா ஏத்துவாங்களாம். மூணே ஊசி, மாடிப்படி ஏறிடலாமாம்.”

மதுரையில் இருக்கும் என் பெரியம்மா போன மாதம் போனில் சொன்னது இது. அவருக்கு வயது 67. தரையில் உட்கார்ந்து எழுந்து நான்கு வருடமாகிறது. பக்கத்து வீட்டு அம்மாவுக்கு முட்டியில் ஊசி போட்டு நன்றாகிவிட்டதாம். யூடியூபில் ஒரு வீடியோவும் பார்த்திருக்கிறார். மருந்துக் கடைக்காரரும் “நல்ல ஊசிம்மா, ஜெல் ஊசி” என்று சொல்லியிருக்கிறார்.

விசாரித்துப் பார்த்தால் மூன்று பேரும் மூன்று வேறு ஊசிகளைச் சொல்லியிருக்கிறார்கள். பக்கத்து வீட்டு அம்மாவுக்குப் போட்டது ஸ்டீராய்டு. வீடியோவில் வந்தது நம் ரத்தத்தையே எடுத்து, சுழற்றி, தட்டணுக்கள் நிறைந்த பகுதியைப் பிரித்துப் போடும் பி.ஆர்.பி. கடைக்காரர் சொன்னது மட்டும்தான் ஜெல். மூன்றும் முழங்காலில்தான் குத்தப்படுகின்றன, மூன்றையும் ஊரில் ‘கிரீஸ் ஊசி’ என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் செய்யும் வேலை மூன்றுக்கும் வேறு.

ஆயிரக்கணக்கில் செலவாகும் விஷயம். அதைவிட, வலியோடு இருப்பவரின் நம்பிக்கை சம்பந்தப்பட்ட விஷயம். அதனால் பெரியம்மாவுக்கு உட்கார்ந்து விளக்கியதையே இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

## மூட்டுக்குள் என்ன இருக்கிறது

கறிக்கடையில் ஆட்டுக்கால் வாங்கியிருந்தால் எலும்பின் முனையைப் பார்த்திருப்பீர்கள். தண்டுப் பகுதி சொரசொரப்பாக இருக்கும். மூட்டு சேரும் முனை மட்டும் வெள்ளையாக, முத்துப் போல் மினுங்கும். விரலை வைத்தால் வழுக்கும். அந்த வழவழப்பான உறைதான் குருத்தெலும்பு. நம் முழங்காலில் அது பெரும்பாலான இடங்களில் சில மில்லிமீட்டர் தடிமன்தான்.

குருத்தெலும்பைப் பற்றி ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் எளிதாகப் புரியும். அதற்குள் ரத்தக்குழாய் இல்லை, நரம்பும் இல்லை. ரத்தம் வராததால் கீறல் விழுந்தால் தோல் ஆறுவது போல் ஆறாது. நரம்பு இல்லாததால் அதற்கு வலி தெரியாது. அப்படியானால் முட்டி வலி எங்கிருந்து வருகிறது? சுற்றியுள்ளவற்றிலிருந்து: அடியிலுள்ள எலும்பு, மூட்டைச் சுற்றியுள்ள தசைநார்கள், எல்லாவற்றுக்கும் மேலாக மூட்டின் உள்பக்கத்தைப் போர்த்தியிருக்கும் ஒரு மெல்லிய சவ்வு. அதன் பெயர் சினோவியல் சவ்வு. நம் கதையின் நாயகன் அதுதான்.

(நம் ஊரில் தசைநார், முட்டிக்குள் இருக்கும் பிறை வடிவ மெத்தை, குருத்தெலும்பு எல்லாவற்றையும் ‘ஜவ்வு’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். ‘ஜவ்வு தேய்ஞ்சிருக்கு’ என்று யாராவது சொன்னால் எதைச் சொல்கிறார்கள் என்று ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது.)

சினோவியல் சவ்வு ஒரு மண்பானை மாதிரி. பானையின் நுண்துளைகள் வழியே தண்ணீர் கசிவது போல, ரத்தத்திலிருந்து நீர் இந்தச் சவ்வு வழியே வடிகட்டி மூட்டுக்குள் வருகிறது. சவ்வின் செல்கள் அந்த நீரில் ஒரு பொருளைத் தயாரித்துக் கலந்து கெட்டியாக்குகின்றன. அப்படி உருவாவது மூட்டுத் திரவம். நல்ல முழங்காலில் அது 2 முதல் 4 மில்லிலிட்டர்தான், ஒரு டீஸ்பூன்கூட வராது. பார்க்க முட்டையின் வெள்ளைக்கரு போல இருக்கும். 16ஆம் நூற்றாண்டு மருத்துவர் பாராசெல்சஸ் வைத்ததாகச் சொல்லப்படும் ‘சினோவியா’ என்ற பெயருக்குள்ளும் முட்டையைக் குறிக்கும் லத்தீன் சொல்தான் ஒளிந்திருக்கிறது.

சவ்வு கலக்கும் அந்தப் பொருளின் பெயர் ஹயலுரோனிக் அமிலம். அமிலம் என்றதும் பயப்பட வேண்டாம். இரண்டு வகைச் சர்க்கரை மூலக்கூறுகள் மாறி மாறிக் கோத்த மிக நீளமான சங்கிலி அது. வெண்டைக்காயை நறுக்கினால் விரலோடு நூல் நூலாக இழுத்துக்கொண்டு வருமே, அந்தக் கொழகொழப்பும் நீளமான சர்க்கரைச் சங்கிலிகளால் வருவதுதான். சங்கிலி எவ்வளவு நீளமோ திரவம் அவ்வளவு கெட்டி. முகத்துக்குப் போடும் ‘ஹயலுரோனிக் சீரம்’ பாட்டிலில் இருப்பதும் இதே குடும்பம்தான். அதை முட்டியில் தேய்த்தால் மூட்டுக்குள் போகாது, தோலோடு நின்றுவிடும்.

இதுவரை பார்த்தது: எலும்பு முனையில் வழுக்கும் குருத்தெலும்பு. சுற்றிலும் சினோவியல் சவ்வு. அது கசியவிடும் ஒரு டீஸ்பூனுக்கும் குறைவான மூட்டுத் திரவம். அந்தத் திரவத்தைக் கெட்டியாக்குவது ஹயலுரோனிக் அமிலச் சங்கிலி.

## ‘தேய்மானம்’ என்ற சொல் மறைப்பது

ஆஸ்டியோஆர்த்ரைட்டிஸ் என்ற நோயை நாம் மூட்டுத் தேய்மானம் என்கிறோம். இந்தச் சொல்லைக் கேட்டதும் பைக் டயர் ஞாபகம் வருகிறது. ஓடியது, தேய்ந்தது, இனி மாற்றத்தான் வேண்டும். நெடுங்காலம் மருத்துவ உலகமும் ஏறக்குறைய அப்படித்தான் பார்த்தது. டயருக்கு உயிர் இல்லை. மூட்டுக்கு இருக்கிறது.

நடப்பது இதுதான். குருத்தெலும்பிலிருந்து மிக நுண்ணிய துகள்கள் உதிர்ந்து திரவத்தில் மிதக்கின்றன. சினோவியல் சவ்வில் துப்புரவு வேலை பார்க்கும் செல்கள் அவற்றை விழுங்குகின்றன. குப்பை அதிகமானால் அவை கிளர்ச்சியடைந்து ரசாயனத் தூதுகளை அனுப்புகின்றன. அந்தத் தூதுகளால் ரத்தக்குழாய் விரிகிறது, நரம்பு முனைகள் கூச்சமடைகின்றன, சவ்வு தடிக்கிறது. இந்தக் கிளர்ச்சிக்குப் பெயர்தான் அழற்சி. அடிபட்ட இடம் சிவந்து, சூடாகி, வீங்கி, வலிப்பதும் அழற்சிதான். இங்கே அது மூட்டுக்குள் மெதுவாக, வருடக்கணக்கில் நடக்கிறது.

இதில் மோசமான ஒரு சுழற்சி உண்டு. அதே தூதுகள் குருத்தெலும்புக்குள்ளும் போகின்றன. அங்கே உள்ள செல்கள் தங்களைச் சுற்றியுள்ள நாரையே அறுக்கும் நொதிகளைச் சுரக்க ஆரம்பிக்கின்றன. நொதி என்பது ஒரு வேதிக் கத்தரி என்று வைத்துக்கொள்ளுங்கள். குருத்தெலும்பு இன்னும் உதிர்கிறது. குப்பை கூடுகிறது. அழற்சி கூடுகிறது. ஹயலுரோனிக் சங்கிலிகளும் துண்டு துண்டாகின்றன.

அதே நேரம் பானையின் துளைகள் பெரிதாகி நீர் அதிகமாகக் கசிகிறது. இதைத்தான் ‘முட்டியில நீர் கோத்துக்கிச்சு’ என்கிறோம். கவனியுங்கள், இந்த மூட்டில் திரவம் வற்றவில்லை. பல சமயம் கூடியிருக்கிறது. ஆனால் தண்ணியாக இருக்கிறது. ‘கிரீஸ் காஞ்சு போச்சு’ என்பது ஆரம்பத்திலேயே தவறும் இடம் இதுதான். நீர் விட்டு நீர்த்துப்போன ரசத்தை ‘வற்றிவிட்டது’ என்று யாராவது சொல்வார்களா?

சுருக்கமாக: இந்த நோயில் தேய்வும் உண்டு, அழற்சியும் உண்டு. ஒன்று மற்றொன்றை வளர்க்கிறது. வலியில் பெரும்பங்கு அழற்சி கொண்ட சவ்விலிருந்தும் அடியிலுள்ள எலும்பிலிருந்தும் வருகிறது.

## ஜெல் என்பது என்ன

பாதாம் பிசினை ராத்திரி ஊறப்போட்டுப் பார்த்திருப்பீர்கள். கல் மாதிரி கிடந்த சின்னத் துண்டு காலையில் கிண்ணம் நிறைய பளிங்கு மாதிரி உப்பியிருக்கும். கையில் எடுத்தால் தண்ணீர் ஒழுகாது. ஆனால் அதில் இருப்பது பெரும்பாலும் தண்ணீர்தான். பிசினின் நீண்ட சங்கிலிகள் ஒரு வலையாகப் பின்னி, அந்த வலைக்கண்களுக்குள் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கின்றன.

அதுதான் ஜெல். தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும் வலை. தண்ணீரால் உப்பியது என்பதை அழுத்திச் சொல்ல ஹைட்ரோஜெல் என்பார்கள். நுங்கும் கடற்பாசியும் சப்ஜா விதையைச் சுற்றி உப்பும் வழவழப்பும் இந்த வகைதான்.

சங்கிலிகளுக்கிடையே முடிச்சு போட்டிருக்கிறதா என்பதுதான் இங்கே முக்கியம். முடிச்சில்லாத நூல்கள் தனித்தனியாக வழுக்கிக்கொண்டு ஓடிவிடும். மீன்வலை போல முடிச்சு விழுந்தால் உருவம் நிற்கும், சீக்கிரம் கரையாது. இந்த முடிச்சுக்குக் குறுக்குப்பிணைப்பு என்று பெயர். ஊசியாகக் கிடைக்கும் ஹயலுரோனிக் வகைகளில் முடிச்சில்லாதவையும் உண்டு, முடிச்சுப் போட்டவையும் உண்டு. ‘மூணு ஊசி’, ‘ஒரே ஊசி’ என்ற வித்தியாசத்தில் இதற்குப் பங்குண்டு.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். டியூபில் வாங்கித் தோல்மேல் தேய்க்கும் வலி ஜெல் வேறு. அதில் டைக்ளோஃபெனாக் போன்ற வலி மருந்து இருக்கும். மலிவானது, எளிமையானது என்பதால் பலர் மதிப்பதில்லை. ஆனால் முழங்கால் வலிக்கு அதைப் பயன்படுத்தலாம் என்று பல நாட்டு மருத்துவ வழிகாட்டிகள் தெளிவாகவே பரிந்துரைக்கின்றன.

பாதாம் பிசினை உவமையாக மட்டும்தான் சொன்னேன். அதைச் சாப்பிட்டால் முட்டிக்குள் ஜெல் ஊறாது. வயிற்றுக்குள் போனதும் அது வெறும் நார்ச்சத்து. பெரியம்மா இதைக் கேட்டுக் கொஞ்சம் வருத்தப்பட்டார்.

## சேவல் கொண்டையிலிருந்து வந்த ஊசி

1934இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கார்ல் மேயரும் ஜான் பாமரும் மாட்டுக் கண்ணுக்குள் இருக்கும் கூழ்போன்ற பொருளிலிருந்து ஹயலுரோனிக் அமிலத்தைப் பிரித்தெடுத்தார்கள். கண்ணாடி என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பெயர் வைத்தார்கள். பிறகு ஹங்கேரியில் பிறந்த விஞ்ஞானி எண்ட்ரே பாலாஷ் சேவல் கொண்டையிலிருந்து அதை மிகத் தூய்மையாக எடுக்கும் வழியைக் கண்டார். ஆமாம், சேவலின் தலையில் சிவப்பாக நிற்கும் அதே கொண்டைதான். உயிரினங்களில் ஹயலுரோனிக் அமிலம் மிகச் செறிவாக இருக்கும் இடங்களில் அதுவும் ஒன்று.

முதலில் பயன் பெற்றவை பந்தயக் குதிரைகள். வீங்கிய குதிரைக் கால் மூட்டில் இதைச் செலுத்தி, 1970இலேயே கட்டுரை வெளியிட்டார்கள். பிறகு கண் அறுவைச் சிகிச்சையில் இது பெரிய வெற்றி பெற்றது. முழங்கால் வலிக்கு அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 1997இல் ஹையால்கன், சின்விஸ்க் ஆகிய இரண்டு தயாரிப்புகளுக்கு அனுமதி தந்தது.

அந்த அனுமதியில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அவற்றை மருந்து என்று அனுமதிக்கவில்லை. மருத்துவச் சாதனம் என்று அனுமதித்தார்கள். உடலோடு வேதிவினை புரியாமல் மசகாக, மெத்தையாக இருந்து வேலை செய்கிறது என்பது அப்போதைய கணிப்பு. அதாவது கிரீஸ் கதை பெரியம்மாவின் தெருவில் பிறந்ததல்ல, அரசு அனுமதிப் பத்திரத்திலேயே அதன் வேர் இருக்கிறது. 2018இல் அதே நிர்வாகம் இந்த ஊசிகள் வேதியியல் வழியிலும் வேலை செய்யலாம் என்பதால் இவற்றை மருந்தாகக் கருத வேண்டியிருக்கலாம் என்று அறிவித்தது.

இப்போது சேவல் கொண்டையோடு, பாக்டீரியாவை நொதிக்கவைத்தும் இதைத் தயாரிக்கிறார்கள். முட்டை, கோழி, இறகு ஒவ்வாமை உள்ளவர்கள் எந்த வகை என்று கேட்க வேண்டியது இதனால்தான்.

## உள்ளே போனபின்

சித்தப்பாவுக்குப் போட்டபோது பக்கத்தில் நின்று பார்த்தேன். படுக்கவைத்து முழங்காலை நீட்டி, சிரட்டை எலும்பின் வெளிப்பக்க மேல்முனையை டாக்டர் விரலால் தடவித் தடவி இடம் கண்டுபிடித்தார். தோலைக் கிருமிநாசினியால் மூன்று முறை துடைத்தார். முதலில் வெறும் சிரிஞ்சால் உள்ளே கோத்திருந்த நீரை உறிஞ்சினார். வைக்கோல் நிறத்தில், தண்ணி மாதிரி, பாதி சிரிஞ்சு வந்தது. ஊசியை அப்படியே விட்டுவிட்டு சிரிஞ்சை மட்டும் மாற்றி ஜெல்லை ஏற்றினார். சாதாரண ஊசி மாதிரி சட்டென்று போகவில்லை. கட்டைவிரல் வெளுக்கும் அளவுக்கு அழுத்தி, மெதுவாக ஏற்ற வேண்டியிருந்தது. ஒரு நிமிடத்துக்கும் குறைவான வேலைதான்.

உள்ளே போன ஜெல் என்ன ஆகும்? கப்பிக்கு கிரீஸ் வைத்தால் அது அங்கேயே இருக்கும். மூட்டுத் திரவம் அப்படி இருப்பதில்லை. ஒரு பக்கம் சவ்வு புதிதாகக் கசியவிடும், மறுபக்கம் பழையது நிணநீர்க் குழாய்கள் வழியே வெளியேறும். எப்போதும் ஓட்டம்தான். முடிச்சில்லாத ஹயலுரோனிக் அமிலத்தின் பெரும்பகுதி சில நாட்களுக்குள் போய்விடும். முடிச்சுப் போட்டது கூடுதலாகச் சில நாட்கள், சில வகைகள் சில வாரங்கள் நிற்கும்.

அதனால் மூட்டைக் கப்பியாக நினைப்பதைவிடக் கிணறாக நினைப்பது பொருந்தும். உப்பு ஊற்றுள்ள கிணற்றில் ஒரு லாரி நல்ல தண்ணீரைக் கொட்டுகிறோம். சில நாள் வாளியில் வருவது குடிக்க நன்றாக இருக்கும். பிறகு ஊற்று தன் உப்பைக் காட்டும். ஊற்று மாறாமல் தண்ணீர் மாறாது. இங்கே ஊற்று என்பது அழற்சி கொண்ட சவ்வு.

அப்படியானால் சிலருக்கு மாதக்கணக்கில் நிம்மதி எப்படி? சினோவியல் செல்களின் மேற்பரப்பில் சிடி44 என்ற ஒரு பிடிப்பான் இருக்கிறது. பூட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். நீளமான ஹயலுரோனிக் சங்கிலி அந்தப் பூட்டில் போய்ப் பொருந்தும்போது செல்கள் அழற்சித் தூதுகளைக் குறைக்கின்றன என்று ஆய்வகச் சோதனைகள் காட்டுகின்றன. துண்டான குட்டைச் சங்கிலிகள் பொருந்தினால் எதிர்மாறாகக் கிளர்ச்சி கூடலாம். நல்ல தண்ணீர் ஊற்றையும் கொஞ்சம் சாந்தப்படுத்திவிட்டுப் போகிறது என்பதுதான் இதன் சாரம். ஆய்வகத் தட்டில் இது நடக்கிறது. உண்மையான முழங்காலில் எவ்வளவு நடக்கிறது என்பதுதான் கேள்வி.

## பலன் எவ்வளவு

இந்தக் கேள்விக்கு விடை தேடியவர்கள் நிறைய. 2022இல் பிஎம்ஜே மருத்துவ இதழில் வந்த தொகுப்பாய்வு 169 சோதனைகளை, 21,000க்கும் மேற்பட்ட நோயாளிகளை எடுத்துக்கொண்டது. ஜெல் ஊசி ஒரு குழுவுக்கு, போலி ஊசி (பெரும்பாலும் வெறும் உப்புநீர்தான்) இன்னொரு குழுவுக்கு என்று நடத்திய பெரிய சோதனைகளைத் தனியாகப் பிரித்துப் பார்த்தார்கள்.

வலியை அளக்கும் முறை எளிது. 10 சென்டிமீட்டர் கோடு ஒன்று. ஒரு முனை ‘வலியே இல்லை’, மறுமுனை ‘தாங்கவே முடியாத வலி’. நோயாளி தன் வலியை அந்தக் கோட்டில் குறிக்க வேண்டும். இரண்டு குழுக்களுக்கும் இடையே இருந்த வித்தியாசம் 2 மில்லிமீட்டர். ஸ்கேலை எடுத்து 10 சென்டிமீட்டருக்கு ஒரு கோடு போட்டு, அதன்மேல் ஒரு கடுகை வையுங்கள். அந்தக் கடுகின் அளவுதான் ஜெல்லால் வந்த கூடுதல் பலன். நோயாளிக்கு உணரத்தக்க பலன் என்றால் ஏறக்குறைய 9 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கணக்கு வைத்திருந்தார்கள்.

“அப்போ பக்கத்து வீட்டுல, சித்தப்பாவுக்கு எல்லாம் வலி குறைஞ்சது பொய்யா?” என்று பெரியம்மா கேட்டார். இல்லை. அவர்களுக்கு வலி உண்மையாகவே குறைந்தது. போலி ஊசி போட்டவர்களுக்கும் வலி கணிசமாகவே குறைகிறது. இதற்குப் பல காரணங்கள். மூட்டு வலி அலை போல ஏறி இறங்குவது. வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் நாம் டாக்டரிடம் ஓடுகிறோம். அடுத்த சில வாரங்களில் அது தானாகவே கொஞ்சம் இறங்கும். ஊசிக்கு முன் கோத்த நீரை உறிஞ்சுவதே அழுத்தத்தைக் குறைக்கும். ஒருவர் பொறுமையாகத் தொட்டுப் பார்த்து வைத்தியம் செய்கிறார் என்பதும் வலியைக் குறைக்கும். மூளை வலியை உணரும் விதமே அப்படி. எனவே ‘போட்டேன், குறைந்தது’ என்பது நேர்மையான அனுபவம். ஆனால் அது ஜெல்லால்தான் குறைந்ததா என்று அந்த அனுபவத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

இதனால்தான் பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டிகளை வெளியிடும் நைஸ் அமைப்பு முழங்கால் ஆஸ்டியோஆர்த்ரைட்டிஸுக்கு ஹயலுரோனிக் ஊசியை வழங்க வேண்டாம் என்கிறது. அமெரிக்க எலும்பு அறுவை மருத்துவர் சங்கம் 2021 வழிகாட்டியில் வழக்கமாகப் போடும் சிகிச்சையாக இதைப் பரிந்துரைக்கவில்லை. ஆனால் ஆஸ்டியோஆர்த்ரைட்டிஸ் ஆய்வுக்கான சர்வதேச அமைப்பு 2019இல் முழங்காலுக்கு, நிபந்தனைகளோடு, இடம் கொடுத்தது. உங்கள் டாக்டர் போடலாம் என்று சொன்னால் அவர் ஏமாற்றுகிறார் என்று பொருளில்லை. வலி மாத்திரை சிறுநீரகத்துக்கு ஆகாதவர், அறுவைக்கு உடல்நிலை இடம் தராதவர் என்று யாருக்காவது அவர் அதை யோசித்திருக்கலாம். ஆனால் ‘குருத்தெலும்பு வளரும்’ என்று யாராவது வாக்குக் கொடுத்தால் அதை நம்பாதீர்கள். அப்படி நிரூபணம் இல்லை.

இந்தப் பகுதியில் மனதில் வைக்க வேண்டியது: ஹயலுரோனிக் ஜெல் மசகாக நிலைத்திருப்பதில்லை. அழற்சியைக் கொஞ்சம் தணிக்க வாய்ப்புண்டு. பெரிய சோதனைகளில் உப்புநீரைவிடக் கிடைத்த கூடுதல் பலன் கடுகளவு.

## ஜெல்லை மருந்துக் கிடங்காக்கினால்?

எனக்கு உண்மையிலேயே ஆர்வம் தரும் பகுதி இது. ஜெல்லை மசகாக நினைக்காமல், மருந்தை அடைத்து வைக்கும் கிடங்காக நினைத்தால் என்ன?

அழற்சியை அடக்கும் மருந்துகளில் வலிமையானது ஸ்டீராய்டு. முட்டிக்குள் போட்டால் சில நாட்களில் வலி இறங்கும். ஆனால் சில வாரங்களில் பலன் மங்கிவிடும். அடிக்கடி போட்டால்? 2017இல் ஜாமா இதழில் வந்த சோதனையில் 140 பேருக்கு இரண்டு வருடம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஊசி போட்டார்கள். பாதிப் பேருக்கு டிரையம்சினலோன் என்ற ஸ்டீராய்டு, மீதிப் பேருக்கு உப்புநீர். முடிவில் வலியில் வித்தியாசம் இல்லை. ஸ்டீராய்டு போட்டவர்களுக்குக் குருத்தெலும்பு கூடுதலாக மெலிந்திருந்தது. ஒருமுறை போடுவது வேறு, வழக்கமாக்கிக்கொள்வது வேறு என்பதை அந்தச் சோதனை காட்டியது.

சிக்கலின் ஒரு பங்கு வேகத்தில் இருக்கிறது. மொத்த மருந்தும் ஒரேயடியாக உள்ளே போகிறது, சீக்கிரம் வெளியேறுகிறது. இதைச் சமையலறையிலேயே பார்க்கலாம். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு சொட்டு நன்னாரி சர்பத்தை விடுங்கள். கொஞ்ச நேரத்தில் கலந்து காணாமல் போகும். இன்னொரு டம்ளரில், சர்பத்திலேயே இரவெல்லாம் ஊறிய பாதாம் பிசின் துண்டைப் போடுங்கள். நிறம் மெதுவாக, இழை இழையாகக் கசியும். வலைக்குள் சிக்கிய சர்பத் வெளியே வர நேரம் பிடிக்கிறது. மருந்து ஊறிய ஜெல்லும் மூட்டுக்குள் இப்படித்தான் நடந்துகொள்ள வேண்டும் என்பது எண்ணம்.

ஒருபடி மேலே போய், அழற்சி இருக்கும்போது மட்டும் மருந்தை விடும் ஜெல்லைச் செய்ய முடியுமா என்று பாஸ்டனின் பிரிகம் அண்ட் விமன்ஸ் மருத்துவமனை ஆய்வாளர்கள் பார்த்தார்கள். அழற்சியின்போது கத்தரி போன்ற நொதிகள் பெருகும் என்று மேலே சொன்னேன் அல்லவா? அந்தக் கத்தரிகள் வெட்டக்கூடிய பொருளாலேயே ஜெல்லை அமைத்து, உள்ளே டிரையம்சினலோனை வைத்தார்கள். மூட்டு அமைதியாக இருந்தால் ஜெல் அப்படியே கிடக்கும். அழற்சி பொங்கினால் நொதிகள் வலையை அறுக்கும், மருந்து வெளிவரும். எதிரியின் ஆயுதத்தாலேயே மருந்துக் கிடங்கின் கதவைத் திறக்கவைக்கும் யோசனை. 2018இல் வெளியான அந்த ஆய்வில் எலிகளின் மூட்டு அழற்சி குறைந்தது. ஆனால் அது எலி. அதுவும் வேறு வகை மூட்டு அழற்சி, தேய்மான நோய் அல்ல. நம் ஊர் மருந்தகத்தில் இன்று கிடைக்கும் எந்த ஜெல் ஊசியையும் இதோடு சேர்த்துப் பேசக்கூடாது.

மெதுவாக விடும் எண்ணத்தில் மனிதர்களுக்கு அனுமதி பெற்ற ஒன்று உண்டு. மக்கிப்போகும் பாலிமர் நுண்ணுருண்டைகளுக்குள் அதே ஸ்டீராய்டை அடைத்த ஊசி. அமெரிக்காவில் 2017இல் முழங்காலுக்கு அனுமதித்தார்கள். அது ஜெல் அல்ல, ஆனால் தத்துவம் ஒன்றுதான்.

## கரையாத ஜெல்

இன்னொரு வகையும் செய்திகளில் வருகிறது. பாலிஅக்ரிலமைடு என்ற செயற்கைப் பொருளில் செய்த ஹைட்ரோஜெல். 97.5 சதவீதம் தண்ணீர், 2.5 சதவீதம் வலை. டென்மார்க் நிறுவனம் ஒன்று தயாரிப்பது, ஐரோப்பாவில் 2021இல் அனுமதி பெற்றது. இது கரைவதில்லை. திரவத்தில் மிதக்காமல் சினோவியல் சவ்வுக்குள்ளேயே போய் ஒட்டி அதன் பகுதியாகிவிடுகிறது. விறைத்துப்போன சவ்வு இதனால் நெகிழ்கிறது என்கிறார்கள். ஹயலுரோனிக் ஊசியோடு ஒப்பிட்ட சோதனையில் அதற்குக் குறையாத பலன் காட்டியது. கடுகளவோடு ஒப்பிட்டுக் குறைவில்லை என்பதை எவ்வளவுக்கு எடுத்துக்கொள்வது என்று யோசிக்க வேண்டும். உப்புநீரோடு ஒப்பிட்டுப் பெரிய சோதனைகள் வந்தால்தான் எனக்கு நம்பிக்கை வரும். கரையாதது என்றால் திரும்ப எடுப்பதும் எளிதல்ல.

## ஊசிக்குச் சம்மதிக்கும் முன்

பெரியம்மாவிடம் ஒரே ஒரு கேள்வியை மனப்பாடம் செய்யச் சொன்னேன். “டாக்டர், சிரிஞ்சுல இருக்கிறது என்ன?” ஹயலுரோனிக்கா, ஸ்டீராய்டா, பி.ஆர்.பி.யா, இரண்டு கலந்ததா. பதில் ஒரு வார்த்தையில் வர வேண்டும், பெயரை எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். சர்க்கரை நோய் இருந்தால் சொல்லிவிட வேண்டும். ஸ்டீராய்டு சில நாட்களுக்கு ரத்தச் சர்க்கரையை ஏற்றும். மூட்டு மாற்று அறுவை செய்யும் யோசனை இருந்தால் அதையும் சொல்ல வேண்டும். ஊசி போட்ட மூன்று மாதத்துக்குள் அறுவை செய்தால் கிருமித்தொற்று அபாயம் கூடுகிறது என்பதால் மருத்துவர்கள் இடைவெளி விடுவார்கள்.

ஊசிக்குப் பின் ஒன்றிரண்டு நாள் வலியும் வீக்கமும் சகஜம். ஆனால் முட்டி சூடாகி, சிவந்து, காய்ச்சலும் வந்து, காலை ஊன்றவே முடியாமல் போனால் அது ‘ஊசி வேலை செய்கிறது’ என்பதன் அடையாளம் அல்ல. கிருமி புகுந்திருக்கலாம். ராத்திரி என்றாலும் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

மூட்டுக்கு வெளியே செய்ய வேண்டியவற்றையும் பேசினோம். உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முழங்காலில் விழும் சுமை ஏறக்குறைய நான்கு கிலோ குறைகிறது. தொடையின் முன்பக்கத் தசை வலுவானால் மூட்டு வாங்கும் அதிர்ச்சியை அது பகிர்ந்துகொள்ளும். எந்த நாட்டு வழிகாட்டியைப் பிரித்தாலும் முதல் பக்கத்தில் இருப்பது இந்த உடற்பயிற்சிதான், ஊசி அல்ல.

போன வாரம் பெரியம்மா ஒரு எலும்பு மருத்துவரிடம் போய்க் கேள்வியைக் கேட்டுவிட்டு வந்தார். அவர் மருந்துச் சீட்டின் பின்பக்கம் பெயரை எழுதிக் கொடுத்து, “ஆறு வாரம் பிசியோ செஞ்சிட்டு வாங்கம்மா, அப்புறம் முடிவு பண்ணலாம்” என்றிருக்கிறார். இப்போது சீரியல் ஓடும்போது முட்டிக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, அதை அழுத்தி ஐந்து எண்ணுகிறார். ஒரு காலுக்குப் பத்து முறை. சீட்டு பூஜை அறை டப்பாவில் பத்திரமாக இருக்கிறது. ஆறு வாரம் முடிய இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது.